ஸ்லிங்கில் பால் கொடுப்பது: துணி தாங்க வேண்டியது எது, கை தாங்க வேண்டியது எது

குழந்தையை உடம்போடு சேர்த்துச் சுமக்க உதவும் துணிதான் ஸ்லிங். இடுப்பு பெல்ட், தோளில் மாட்டும் பட்டைகள், பக்கிள் எல்லாம் வைத்துத் தைத்திருந்தால் அதை கேரியர் என்கிறோம். குழந்தை அதற்குள் இருக்கும்போதே பால் கொடுக்க முடியும். ஆனால் சுமப்பதும் பால் கொடுப்பதும் இரண்டு தனி நிலைகள். சுமக்கும்போது குழந்தை உங்கள் மார்புக்கு மேலே, நெஞ்சோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். பால் குடிக்கும்போது அதே குழந்தை நாலு விரல் அளவு கீழே இறங்கியிருக்கும். துணியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்வு இல்லாமல் பால் கொடுக்க முடியாது. குடித்து முடித்த பிறகும் குழந்தையை அதே தளர்வில் தொங்கவிட்டால்தான் ஆபத்து.

ஆகவே இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரப்போவது ஒரே விஷயம்: துணி குழந்தையின் எடையைத் தாங்கும், தலையை உங்கள் கைதான் தாங்க வேண்டும். குடித்து முடித்ததும் குழந்தையை மேலே ஏற்றி, துணியை மறுபடி இறுக்க வேண்டும்.

4 மாதம் வரை ஏன் வேண்டாம்

கைக்குழந்தையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கனமானது. அதைத் தூக்கிப் பிடிக்கும் பலம் கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. ‘தலை நிற்கவில்லை’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான். மூச்சுக்குழாயும் குறுகலானது, மென்மையானது. தோட்டத்து ரப்பர் குழாய் மடங்கினால் தண்ணீர் நின்றுவிடுவதுபோல, குழந்தையின் மோவாய் நெஞ்சில் பதிந்து கழுத்து மடங்கினால் காற்று போகும் வழி அடைபடும். மூக்கும் வாயும் மார்பிலோ துணியிலோ அழுந்தினாலும் இதே கதிதான்.

மூச்சு முட்டினால் குழந்தை கை காலை உதைக்கும், அழும், நமக்குத் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. காற்று போகாதபோது அழுகைச் சத்தமும் வராது. ஓரிரு நிமிடங்களில், தூங்குவதுபோலவே தோற்றமளித்தபடி, நிலைமை கைமீறிப் போய்விடும். பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போன குழந்தைக்கும் மூச்சு அடைபட்ட குழந்தைக்கும் மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் குறித்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புள்ள குறைந்தது 14 மரணங்கள் அதன் கவனத்துக்கு வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் 4 மாதத்துக்கும் குறைந்த வயதினர். 2023-இல் பிரிட்டனில் இரண்டு மாதம்கூட நிறையாத ஒரு குழந்தை, அம்மா வீட்டுக்குள் நடமாடியபடி ஸ்லிங்கில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது நினைவிழந்து, சில நாட்களில் இறந்தது. அந்த அம்மா அலட்சியமானவர் அல்லர். எந்த நிலை பாதுகாப்பானது என்று தெளிவாகச் சொல்லும் தகவல் பெற்றோருக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பதை அந்த மரணத்தை விசாரித்த அதிகாரியே பதிவு செய்தார். அதன் பிறகு, குழந்தைகளின் திடீர் மரணத்தைத் தடுக்க உழைக்கும் பிரிட்டனின் லல்லபி டிரஸ்ட், கையை எடுத்துவிட்டு ஸ்லிங்கில் பாலூட்டுவது ஆபத்து, குறிப்பாக 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

எனவே எங்கள் ஆலோசனை கறாரானது. 4 மாதம் முடிந்து, தலை நன்றாக நின்ற பிறகே ஸ்லிங்கில் பால் கொடுக்கத் தொடங்குங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த 4 மாதத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். குழந்தை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த எடை குறைவாக இருந்தாலும், தசை தளர்ச்சி, மூச்சுக் கோளாறு இருந்தாலும் அவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாட்களில் எந்த வயதுக் குழந்தைக்கும் மடியில் வைத்தே கொடுங்கள்.

அதுவரை ஸ்லிங்கால் பயனே இல்லையா என்றால், நிறைய உண்டு. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அழுகை என்பது பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், ‘ச்சு ச்சு’ என்று உறிஞ்சும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் இவற்றை யாரும் கவனிப்பதில்லை. நெஞ்சில் ஒட்டியிருக்கும் குழந்தையிடம் இவை உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும் உட்காருங்கள், குழந்தையை ஸ்லிங்கிலிருந்து வெளியே எடுங்கள், மடியில் போட்டுக் கொடுங்கள். எடுத்து, கொடுத்து, மறுபடி கட்டுவது சலிப்பான வேலைதான். முதல் 4 மாதத்துக்கு அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்த ஸ்லிங்

தமிழ் வீடுகளில் துணி, குழந்தை என்றதும் நினைவுக்கு வருவது தூளி. தூளியில் குழந்தை படுத்திருக்கும். ஸ்லிங்கில் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தூளிபோலக் குழந்தையைச் சுருட்டிப் படுக்கவைக்கும் பை வடிவ ஸ்லிங்குகளை, அதாவது ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து ஆழமாகத் தொங்குபவற்றை, எந்த வயதிலும் வாங்காதீர்கள். அந்த வளைவில்தான் மோவாய் நெஞ்சில் போய் இடிக்கும்.

பால் கொடுக்க மிகவும் வசதியானது ரிங் ஸ்லிங். சுமார் 2 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலத்தில் ஒரு துணி. அதன் ஒரு முனையில் இரண்டு வளையங்கள். ஒரே இழுப்பில் இறுகும், ஒரே நெம்பலில் தளரும். எனவே இதை விரிவாகப் பார்ப்போம். பக்கிள் கேரியரிலும் கொடுக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறோம். 5 மீட்டர் நீளத்தில் உடம்பைச் சுற்றிக் கட்டும் ரேப் வகையில், குறிப்பாக இழுபடும் துணியில், பாலுக்காகத் தளர்த்தினால் மொத்தக் கட்டும் தளர்ந்துவிடும். அதில் குழந்தையை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டுவதே நல்லது.

துணி நெய்த பருத்தியாக இருக்கட்டும். பட்டு, ஜார்ஜெட், பாலியஸ்டர் துணிகள் வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டே போகும். நீங்கள் இறுக்கி முடித்த அடுத்த நிமிடமே குழந்தை ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். வளையம் ஸ்லிங்குக்காகவே செய்யப்பட்ட, ஒட்டு இல்லாத அலுமினிய வளையமாக இருக்க வேண்டும். திரைச்சீலை வளையத்தைப் போட்டு துப்பட்டாவில் தைத்துக்கொள்ளும் யோசனை வேண்டவே வேண்டாம். அந்த வளையத்தில் வெல்டிங் போட்ட இடம் ஒருநாள் திறந்துகொள்ளும். அதன் கூர்மையான ஓரம் துணியையும் அறுக்கும்.

முதலில் சரியாகச் சுமக்கப் பழகுங்கள்

பால் கொடுக்கும் நிலை, சுமக்கும் நிலையிலிருந்து சற்றே இறங்கிய நிலை. சுமப்பதே சரியாக வராவிட்டால் இறங்கிய நிலையும் சரியாக வராது. 5 கிலோ அரிசிப் பையை வைத்து ஐந்தாறு தடவை பழகிப் பாருங்கள். 4 மாதக் குழந்தையின் எடை பெரும்பாலும் அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

துணியின் முனையை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டித் திருப்பி, கீழ் வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுங்கள். பெல்ட் மாட்டுவது போலத்தான். துணி வளையத்துக்குள் புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக, முறுக்கிக்கொள்ளாமல் விரிந்து இருக்க வேண்டும். ஒரு மடிப்பு முறுக்கிக்கொண்டாலும் அந்த இடம் இறுகாது. தோளில் போடும்போது வளையங்கள் காறை எலும்புக்கு மேலே, தோள் முனைக்கு அருகே இருக்கட்டும். இறுக்க இறுக்க அவை கீழே வரும். கடைசியில் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, மார்புக்கு மேலே நின்றால் சரி. வளையம் மார்பு வரை இறங்கிவிட்டால் மேற்கொண்டு இறுக்க இடமே இருக்காது.

குழந்தையை வயிற்றோடு வயிறாக நிமிர்த்தி உள்ளே விடுங்கள். கால்கள் தவளைபோல மடங்கி, முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். துணியின் கீழ் ஓரத்தை ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து மறு முழங்காலின் பின்புறம் வரை விரித்து, உங்கள் வயிற்றுக்கும் குழந்தையின் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை அளவு மேலே இழுத்துச் செருகுங்கள். இதுதான் குழந்தை உட்காரும் இருக்கை. இதைச் செய்ய மறந்தால், பால் கொடுக்கத் தளர்த்தும்போது குழந்தை அடிவழியாக நழுவிவிடும். மேல் ஓரம் கழுத்தின் பின்புறம் வரை இருக்கட்டும். தலையை மூட வேண்டாம்.

பிறகு இறுக்குவது. தொங்கும் துணியை, அதை முந்தானை என்றே வைத்துக்கொள்வோம், மொத்தமாகப் பிடித்து இழுத்தால் நடுப்பகுதி மட்டும்தான் இறுகும். மேல் ஓரத்தைத் தனியாக, நடுவைத் தனியாக, கீழ் ஓரத்தைத் தனியாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடது கையால் குழந்தையின் எடையைச் சற்றுத் தூக்கிக்கொடுத்து, வலது கையால் இழுங்கள். எடை தொங்கும்போது இழுத்தால் துணி நகரவே நகராது, தோள்தான் வலிக்கும்.

சரிபார்க்க, பிரிட்டனில் ஸ்லிங் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் சேர்ந்து வகுத்த ஐந்து விதிகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. துணி இறுக்கமாக இருக்க வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும். முதுகுக்கு முழுத் தாங்கல் வேண்டும். பால் கொடுக்கும்போது மூன்றாவது விதியையும், மேல் ஓரத்தில் மட்டும் முதல் விதியையும் தற்காலிகமாக விட்டுக்கொடுக்கிறீர்கள். மற்ற மூன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பால் கொடுப்பது

முதல் பத்துத் தடவையாவது நாற்காலியில் உட்கார்ந்து கொடுங்கள். குழந்தை பசியின் ஆரம்பத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். வீறிட்டு அழும் குழந்தையை ஸ்லிங்குக்குள் இறக்கி மார்பில் பிடிக்கவைக்க முயன்றால் இருவருக்கும் வேதனைதான். வெளியே எடுத்து அமைதிப்படுத்தி, அந்தத் தடவை மடியிலேயே கொடுத்துவிடுங்கள்.

உடை முன்பே தயாராக இருக்கட்டும். பக்கவாட்டு ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி, குர்த்தி வசதியானவை. குழந்தையை உள்ளே வைத்த பிறகு பட்டன், ஊக்கு என்று தேடினால், தலையைத் தாங்க வேண்டிய கை அங்கே போய்விடும். ஊக்கு குத்தும் அபாயமும் உண்டு.

வளையம் வலது தோளில் இருந்தால் இடது மார்பில் கொடுப்பது எளிது. குழந்தை இயல்பாகவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். மறு மார்புக்கு மாற்ற, குழந்தையை வெளியே எடுத்து, ஸ்லிங்கைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து முழு எடையையும் வாங்கிக்கொள்ளுங்கள். மறு கையால் மேல் வளையத்தைச் சற்று நெம்பித் தூக்கினால் பிடி தளரும். மெதுவாக இறக்குங்கள். மொத்தம் 5 முதல் 8 செ.மீ. போதும். குழந்தையின் மூக்கு முலைக்காம்புக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். வாய் நேராக வரும்வரை இறக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், மூக்கு நேராக இருந்தால்தான் குழந்தை தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறக்கும். இறக்கியதும், கையை எடுப்பதற்கு முன், முந்தானையின் கீழ் ஓரத்தை இழுத்து இருக்கையை இறுக்கிவிடுங்கள். மேல் ஓரம் மட்டும் தளர்வாக இருக்கட்டும்.

இப்போது கையைக் குழந்தையின் முதுகுக்கு மாற்றுங்கள். உள்ளங்கை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் காதுகளுக்குக் கீழே கழுத்தை அணைத்தபடி இருக்கும். வாய் கொட்டாவிபோல அகலத் திறக்கும் நொடியில், தோள்பட்டையிலிருந்து மார்பை நோக்கி அணையுங்கள். தலையின் பின்புறத்தைப் பிடித்துத் தள்ளினால் மூக்கு புதையும், குழந்தை முரண்டு பிடித்துப் பின்னால் வளையும்.

சரியாகப் பிடித்திருந்தால் மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும், மூக்கு விலகியிருக்கும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. கன்னம் குழிவிழாமல் உப்பியிருக்கும். இரண்டு மூன்று உறிஞ்சலுக்கு ஒரு ‘க்கு’ என்ற விழுங்கும் சத்தம் கேட்கும். இந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருங்கள். அது நின்றதும் முகத்தைப் பாருங்கள்.

கழுத்தை அணைத்த கை பால் குடித்து முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். துணியின் மேல் ஓரத்தைத் தலைக்குப் பின்னால் இறுக்கி, கைக்குப் பதில் துணியையே தாங்கவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இதை மட்டும் செய்யவே கூடாது. புரை ஏறினாலும், பால் பீய்ச்சி வந்தாலும், மூக்கு அடைபட்டாலும் குழந்தை தானாகத் தலையை விலக்கித் தப்பித்துக்கொள்ள வேண்டும். துணி இறுகியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

முடிந்ததும், அல்லது குழந்தை தூங்கத் தொடங்கியதும், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து உறிஞ்சலை விடுவியுங்கள். பிட்டத்தைத் தாங்கி மேலே தூக்குங்கள், முத்தமிடும் உயரம் வரை. மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று மூன்றையும் மறுபடி இழுங்கள். மோவாய்க்கு அடியில் விரலை வைத்துப் பாருங்கள். உடையைச் சரிசெய்வது இதற்குப் பிறகுதான். ‘தூங்கிட்டான், இப்ப அசைச்சா எழுந்துடுவான், அப்படியே விடு’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். எழுந்தால் எழட்டும். மேலே ஏற்றிவிட்டால் ஏப்பமும் அங்கேயே வந்துவிடும்.

பக்கிள் கேரியரில்

இதிலும் அதே வேலைதான், வளையத்துக்குப் பதில் பட்டைகள். இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தி இடுப்பெலும்பு மேல் இறக்கிக் கட்டினால் பாதி உயரம் குறைந்துவிடும். மீதிக்கு, கொடுக்கப்போகும் பக்கத்தில் தோளில் மாட்டும் பட்டையை மட்டும் 5 செ.மீ. தளர்த்துங்கள். பக்கிள் எதையும் கழற்றக் கூடாது. சுமக்கும் நிலையில் பட்டை எந்த அளவில் இருந்ததோ அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவைத்தால், பால் கொடுத்து முடித்ததும் அந்தத் தையல் வரை இழுத்தால் போதும். தூக்கக் கலக்கத்திலும் அளவு தப்பாது. தலைக்குப் பின்னால் மாட்டும் துணியை அப்போது மாட்டாதீர்கள்.

எங்கே பிசகுகிறது

காம்பு வலி வந்தால் பெரும்பாலும் குழந்தை தேவையான அளவு இறங்கவில்லை என்று அர்த்தம். எட்டாத காம்பை இழுத்து நுனியை மட்டும் சப்பும். பொறுத்துக்கொண்டு தொடராமல் விடுவித்து, இன்னும் 2 செ.மீ. இறக்கி, மறுபடி பிடிக்கவையுங்கள். மார்பகம் பெரிதாக, காம்பு கீழ்நோக்கி இருப்பவர்கள், கைத்துண்டை இறுக்கச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்தால் காம்பு மேலே வரும். குழந்தையை அதிகம் இறக்க வேண்டியிருக்காது.

மார்பின் ஒரே இடத்தில் கட்டிபோல் வலித்தால், துணியின் ஓரமோ பட்டையோ அங்கே நாள்தோறும் அழுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தம் தொடர்ந்தால் பால் கட்டிக்கொள்ளும். அழுத்தத்தை எடுத்துவிட்டு, வழக்கம்போலப் பால் கொடுங்கள். காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வேகத்தில் பால் பீய்ச்சி அடிக்கிறது என்றால், ஸ்லிங்கில் இறக்குவதற்கு முன்பே ஒரு துணியில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுங்கள். வேகம் குறையும், புரை ஏறாது.

பொது இடத்தில் துப்பட்டாவைப் போட்டுக் குழந்தையை முழுக்க மூடிவிடுவது நம் ஊரில் பழக்கம். கூச்சம் புரிகிறது. ஆனால் மூடிவிட்டால் முகமும் தெரியாது, காற்றும் போகாது. மே மாத வெயிலில் அந்தக் கூடாரத்துக்குள் வெப்பம் வேகமாக ஏறும். முந்தானையை மார்பின் மேற்பகுதி மறையும் அளவுக்கு மட்டும் இழுத்துவிடுங்கள். குழந்தையின் மூக்கு உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பல பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. அங்கே உட்கார இடம் கிடைத்தால் ஸ்லிங்கிலிருந்து எடுத்தே கொடுத்துவிடலாம். கோடையில் குழந்தைக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். பிடரியில் விரல் வைத்துப் பார்த்து, வியர்த்துச் சூடாக இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். 6 மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுக்க வேண்டாம், பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். உங்களுக்குத்தான் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும்.

பால் கொடுத்துக்கொண்டே அடுப்படியில் நிற்பது, காபி குடிப்பது, படி இறங்குவது, ஆட்டோவிலும் இரு சக்கர வண்டியிலும் போவது எதுவும் வேண்டாம். ஒரு கை கழுத்தில் இருக்கும்போது தடுமாறினால் பிடித்துக்கொள்ள மறு கை காலியாக இருக்க வேண்டும்.

6, 7 மாதத்தில் குழந்தை தானாக உட்காரத் தொடங்கியதும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஸ்லிங்கை இடுப்பில் உட்காரவைக்கும் விதமாகப் போட்டுக்கொண்டால், குழந்தையின் முகம் ஏற்கனவே மார்புப் பக்கம் இருக்கும், 3 செ.மீ. இறக்கினால் போதும். ஆனால் இந்த வயதில் நாய் குரைத்தாலும், குக்கர் விசில் அடித்தாலும், காம்பை வாயில் கவ்வியபடியே முழுத் தலையையும் திருப்பி வேடிக்கை பார்க்கும். அதற்காகவும் ஒரு விரல் வாயோரத்துக்கு அருகிலேயே இருக்கட்டும்.